ஏழில் ஒரு பங்கு வினாடி

பேஸ்பாலில் பந்து வீசுபவரின் முன்னங்கால் தரையில் பதிவதற்கும் பந்து அவர் விரலை விட்டுக் கிளம்புவதற்கும் நடுவே ஓடும் நேரம் சுமார் 0.145 வினாடி. ஏழில் ஒரு பங்கு வினாடி. கண் இமைக்கும் நேரம் என்கிறோமே, ஏறத்தாழ அவ்வளவுதான். வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு “முழங்கையைத் தூக்கு”, “தோளைத் திறக்காதே” என்று பயிற்சியாளரும் பெற்றோரும் கத்துவதெல்லாம் இந்த இடைவெளியில் நடப்பதைப் பற்றித்தான். அதை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நமக்கு இது புதிய கதை அல்ல. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். வெறும் கண்ணை நம்பிய தீர்ப்பு. பிற்பாடு அதிவேகக் கேமராக்களை வைத்து அளந்தபோது, யாரும் சந்தேகிக்காத பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு மடங்கி நிமிர்வது தெரியவந்தது. 2005-இல் 15 டிகிரி வரை அனுமதி என்று விதியே மாறியது. பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், பந்தை எறியலாம், அதற்குத் தடை இல்லை. அங்கே சிக்கல் வேறு: எறிகிற கை பன்னிரண்டு வயதுப் பையனுடையது என்பதுதான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் பல ஆண்டுகள் நீடித்த ஒரு விசாரணை. பிள்ளைகளைப் படம் பிடித்து, அவர்கள் வீசும் முறையில் எது நல்லது, எது முழங்கையைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி. பெரும்பாலான வேலை அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் இருக்கும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தில் நடந்தது. எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் 1987-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் கிளென் ஃப்ளைசிக் என்ற உயிர்-இயக்கவியல் அறிஞர்.

முழங்கையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வீசும்போது மேற்கை முன்னோக்கிச் சுழல, முன்கை பின்தங்கி வருகிறது. அந்த இழுபறி முழங்கையின் உட்பக்கத்தைப் பிளக்கப் பார்க்கிறது. பெரியவர்களுக்கு அங்கே எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார் தேய்ந்து கிழிகிறது. 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் செய்த அறுவை சிகிச்சை இன்றும் அந்த நோயாளியின் பெயரிலேயே வழங்குகிறது. சிறுவர்களுக்கோ தசைநாரைவிட எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு வலுக்குறைந்தது. அதனால் முதலில் அதுதான் விட்டுக்கொடுக்கும். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பெயரால் ‘லிட்டில் லீக் முழங்கை’ என்று மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தது 1960-இல். ஆக நோய் பழையது. காரணம் வீசும் முறையா, வீசும் பந்தின் வகையா, வீசிய எண்ணிக்கையா என்பதுதான் நெடுநாள் தெரியாமல் இருந்தது.

குட்டிப் பிட்சரும் பெரிய பிட்சரும்

ஃப்ளைசிக்கின் குழு 1999-இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டிலிருந்து தொடங்க வேண்டும். சிறுவர் முதல் தொழில்முறை வீரர் வரை 231 பிட்சர்களின் உடலில் ஒளியைத் திருப்பியடிக்கும் குமிழ்களை ஒட்டி, அதிவேகக் கேமராக்களால் படம் பிடித்து, மூட்டுகளின் கோணம், வேகம், விசை மூன்றையும் கணக்கிட்டார்கள். கோணங்களிலும், எந்த அசைவு எப்போது வருகிறது என்ற கால ஒழுங்கிலும், பையனுக்கும் தொழில்முறை வீரருக்கும் சொல்லும்படியான வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. மாறியதெல்லாம் விசை. முழங்கையின் மேல் விழும் முறுக்கு விசை சிறுவர்களிடம் சராசரியாக 28 நியூட்டன் மீட்டர், தொழில்முறை வீரர்களிடம் 64.

இதிலிருந்து பயிற்சியாளர்களுக்குக் கிடைத்த செய்தி நல்ல செய்தி. குழந்தைகளுக்கு என்று தனி முறை கற்றுக்கொடுத்து, மீசை முளைத்ததும் அதை மாற்ற வேண்டியதில்லை. ஒரே முறைதான். சரியாகப் பழகிவிட்டால் பிறகு உடம்பு வளர்ந்து விசையைச் சேர்த்துக்கொள்ளும். 2018-இல் வந்த ஏழாண்டுத் தொடர் ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது: 13 வயதுக்குப் பிறகு உடம்பு திடீரென்று பெருத்து, மூட்டுகளின் மேல் விழும் பாரம் ஏறத் தொடங்குகிறது. எனவே முறையைத் திருத்துவதாக இருந்தால் அதற்கு முன்பே திருத்திவிடுவது நல்லது என்றார்கள். கேமராவை ஒன்பது, பத்து வயதிலேயே வெளியே எடுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பருவம் முழுவதும் பார்த்ததில் கிடைத்தது

அடுத்தது 2002-இல் வெளிவந்தது. 9 முதல் 14 வயதுக்குட்பட்ட 476 பிட்சர்களை ஒரு பருவம் முழுவதும் பின்தொடர்ந்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் வலி இருக்கிறதா என்று கேட்டார்கள். எத்தனை பந்து, என்ன வகைப் பந்து என்று ஏட்டில் குறித்தார்கள். வீசும் முறையையும் வீடியோவில் எடுத்து அலசினார்கள். பருவம் முடிவதற்குள் பாதிப் பேருக்கு முழங்கையிலோ தோளிலோ வலி வந்துவிட்டது. பாதிப் பேர் என்பதை நான் இரண்டாவது முறையும் படித்துப் பார்த்தேன்.

எந்தக் காரணி வலியோடு ஒட்டிவந்தது? ஓர் ஆட்டத்தில் வீசிய பந்துகளின் எண்ணிக்கையும் பருவம் முழுவதும் வீசிய எண்ணிக்கையும் ஒட்டிவந்தன. வளைந்து இறங்கும் கர்வ்பால் வீசியவர்களுக்குத் தோள்வலி அபாயம் 52 சதவீதம் கூடுதல், வேகமாக வந்து பக்கவாட்டில் விலகும் ஸ்லைடர் வீசியவர்களுக்கு முழங்கை வலி அபாயம் 86 சதவீதம் கூடுதல். கேமராவை வைத்துப் பார்த்த வீசும் முறையைப் பற்றி மட்டும் அவர்களால் அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. வலிக்கும் முறைக்கும் உள்ள உறவை இன்னும் ஆராய வேண்டும் என்று எழுதி முடித்தார்கள். அத்தனை வீடியோவையும் அலசிய பிறகு, பென்சிலால் குறித்த ஏடுதான் வென்றது.

கர்வ்பாலைப் பற்றிய முடிவு அப்படியே நிற்கவில்லை. 2008-இல் அதே நிறுவனம் 29 சிறுவர்களை ஆய்வகத்துக்குக் கூட்டிவந்து ஃபாஸ்ட்பால் (முழு வேகப் பந்து), கர்வ்பால், சேஞ்ச்-அப் (அதே அசைவில் மெதுவாக விடும் பந்து) மூன்றையும் வீசச் சொல்லி அளந்தது. மூட்டுகளுக்கு அதிகப் பாரம் கொடுத்தது ஃபாஸ்ட்பால். கர்வ்பால் அதைவிடக் குறைவு, சேஞ்ச்-அப் எல்லாவற்றிலும் குறைவு. சிறுவர்கள் கர்வ்பால் வீசக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த எச்சரிக்கை அன்று ஆட்டம் கண்டது. 2011-இல் வந்த பத்தாண்டுத் தொடர் ஆய்விலும், 13 வயதுக்கு முன் கர்வ்பால் வீசத் தொடங்குவது காயத்தைக் கூட்டுகிறது என்று காட்ட முடியவில்லை. அதில் 481 பையன்கள். அவர்களில் ஐந்து சதவீதம் பேர் பத்தாண்டுக்குள் அறுவை சிகிச்சைக்கோ, காயத்தால் ஆட்டத்தையே விடுவதற்கோ ஆளானார்கள். தெளிவாக நின்றது ஒரே கணக்கு: ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் (பேஸ்பாலில் மூவர் ஆட்டமிழந்தால் பந்துவீசும் அணிக்கு ஓர் இன்னிங்ஸ் முடியும்) வீசியவர்களுக்குக் காய அபாயம் மூன்றரை மடங்கு.

அப்படியென்றால் கேமராவைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாமா? நானும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2009-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு மனம் மாறியது.

ஐந்தே ஐந்து கேள்வி

லாஸ் ஏஞ்சலஸின் கெர்லன்-ஜோப் மருத்துவமனைக் குழு செய்த ஆய்வு அது. ஆசிரியர் பட்டியலில் கடைசிப் பெயர் ஃபிராங்க் ஜோப். கிழிந்த தசைநாருக்கு அறுவை சிகிச்சையைக் கண்டுபிடித்தவரே, கிழியாமல் காப்பது எப்படி என்ற ஆராய்ச்சியிலும் சேர்ந்திருந்தார். 9 முதல் 18 வயது வரையிலான 169 பிட்சர்கள். ஒரு பக்கம் முழு ஆய்வகக் கருவி. இன்னொரு பக்கம் வெறும் இரண்டு அதிவேக வீடியோ கேமராக்கள். வீடியோவைப் பார்ப்பவர் ஒவ்வொரு பையனுக்கும் ஐந்து கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டும் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பு ஆய்வகம் அளந்த விசையோடு பொருந்துகிறதா என்று பார்த்தார்கள்.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே இந்தச் சிக்கனம்தான். நூறு கோணம் அளக்கவில்லை. யார் வீட்டிலும் கேட்கக்கூடிய கேள்விகள்.

முதல் கேள்வி: உடம்பு இலக்கை நோக்கி நகரும்போது இடுப்பு முந்துகிறதா? தூக்கிய முழங்கால் இறங்கத் தொடங்கும்போது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இடுப்பு முதலில் கிளம்பியிருக்க வேண்டும். தலையும் மார்பும் முந்திக்கொண்டால் பிறகு வேலை முழுவதும் கையின் தலையில் விழும். இரண்டாவது: கையுறையிலிருந்து பந்தை எடுக்கும்போது கை பந்தின் மேலே இருக்கிறதா? சில பிள்ளைகள் தட்டை ஏந்துவதுபோல் பந்துக்கு அடியில் கையைக் கொடுத்து எடுத்துவருவார்கள். அப்படி வந்த கை சரியான நேரத்தில் மேலே ஏறுவது கடினம். மூன்றாவது: முன்னங்கால் பதியும் கணத்தில் வீசும் கை தயாராக மேலே வந்துவிட்டதா? நான்காவது: அதே கணத்தில் முன்தோள் இன்னும் இலக்கை நோக்கி மூடியிருக்கிறதா, அல்லது மார்பு ஏற்கெனவே திறந்துகொண்டதா? ஐந்தாவது: கால் ஹோம் பிளேட்டை, அதாவது மட்டையாளர் அருகே தரையில் பதித்த தட்டை, நோக்கிப் பதிகிறதா, பக்கத்தில் விலகிப் பதிகிறதா?

ஐந்தில் மூன்றையாவது சரியாகச் செய்த சிறுவர்களின் தோளிலும் முழங்கையிலும் முறுக்கு விசை குறைவாக இருந்தது. வீச்சின் திறனோ கூடுதலாக இருந்தது. அதே வேகத்துக்குக் குறைந்த விலை கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் இல்லாமல், இரண்டு கேமராவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரால் இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று இந்த ஆய்வு காட்டியது. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் அளந்தது மூட்டின் மேல் விழும் பாரத்தை. வலியையும் காயத்தையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து அளந்தவர்கள் பர்மிங்ஹாம்காரர்கள். இரண்டும் ஒன்றல்ல.

செல்பேசியை எங்கே நிறுத்துவது

ஐந்து கேள்விகளில் இரண்டு, கால் பதியும் அந்த ஒரே கணத்தைப் பற்றியவை. அந்தக் கணம் கிடைக்காவிட்டால் வீடியோ இருந்தும் பயனில்லை. சாதாரண வீடியோ வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. கால் பதிவதிலிருந்து பந்து கிளம்புவது வரை 0.145 வினாடி என்றால், கிடைப்பது நான்கு படம். சிறுவர்களின் மேற்கையே உச்சத்தில் வினாடிக்கு 7,000 டிகிரிக்குக் கிட்டே சுழல்கிறது. அந்த வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கை 230 டிகிரி சுழலக்கூடும். முதல் படத்தில் கை பின்னால், அடுத்ததில் பந்தே காணவில்லை. நடுவில் நடந்ததைப் பார்ப்பவர் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார். கத்திச் சொல்லும் அறிவுரைகளில் பாதி இந்தக் கற்பனைதான் என்பது என் எண்ணம்.

2014-இல் வந்த ஐபோன் 6 வினாடிக்கு 240 படம் எடுக்கும் வசதியோடு வந்தது. இப்போது அந்த ஸ்லோ மோஷன் வசதி நடுத்தர விலைச் செல்பேசிகளிலும் இருக்கிறது. அதே 0.145 வினாடிக்கு இப்போது 35 படம். கால் பதியும் கணத்தைத் தேடிப் பிடிக்க இது தாராளம். பந்து விரலை விட்டுக் கிளம்பும் நொடியை அளக்க இதுவும் போதாது, ஏனென்றால் அங்கே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 30 டிகிரி ஓடிவிடும். அதை விட்டுவிடுங்கள். அங்கே திருத்துவதற்கும் ஒன்றுமில்லை, எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

வலக்கைப் பையன் என்றால் ஒரு கேமரா மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது ஹோம் பிளேட்டைப் பார்த்து நிற்கும் அவனுக்கு வலப்புறம். முழங்காலைத் தூக்கும்போது அவன் மார்பு அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும். இடக்கைப் பையனுக்கு முதல் பேஸ் பக்கம். இன்னொரு கேமரா, மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால், வலைக்கு அந்தப்புறம். உயரம் பையனின் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே. பெரியவர் நின்றபடி கையில் பிடித்து மேலிருந்து எடுத்தால் முழங்கையின் உயரம் பொய்யாகத் தெரியும். அதனால் முக்காலி வேண்டும், அல்லது மடக்கு நாற்காலி. வெளிச்சம் அவசியம். உள்ளரங்கின் குழல்விளக்கில் ஸ்லோ மோஷன் எடுத்தால் படம் மினுக்கு மினுக்கு என்று துடிக்கும், கையும் மங்கிவிடும். நல்ல வெயிலில் எடுப்பதே மேல். ஐந்தாவது கேள்விக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போதும்: பின்காலிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு நேர்கோடு இழுத்துவிட்டால், கால் எங்கே பதிகிறது என்று வீடியோவே இல்லாமல் தெரியும். லிட்டில் லீக்கில் அந்தத் தூரம் 46 அடி, நம் கணக்கில் 14 மீட்டர்.

நான்கைந்து வீச்சு எடுத்தால் போதும். ஒன்றே ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஏனென்றால் பத்து வயதுப் பையன் ஒரு வீச்சைப் போல இன்னொன்றை வீசுவதில்லை.

எடுத்ததைப் பையனிடம் எப்படிக் காட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓடிப்போய்த் திரையைக் காட்டினால் பையன் திரையைப் பார்க்கத்தான் கற்றுக்கொள்வான். அடிக்கடி கிடைக்கும் பின்னூட்டம் அந்த நேரத்துக்கு உதவி, நெடுநாள் கற்றலைக் கெடுக்கும் என்று 1984-லேயே ரிச்சர்ட் ஷ்மிட் உள்ளிட்ட இயக்கக் கற்றல் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, கவனத்தை எங்கே வைப்பது என்பது. உடலுறுப்பின் மேல் கவனம் வைப்பதைவிட, அசைவு வெளியே உண்டாக்கும் விளைவின் மேல் வைத்தால் கற்பது எளிது என்று கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990-களின் இறுதியிலிருந்து தொடர்ந்து காட்டிவந்தார். “முன்தோளை மூடிவை” என்றால் பையன் விறைத்துக்கொள்வான். “கையுறையால் கேட்சரைச் சுட்டிக்காட்டிவிட்டு வீசு” என்றால் தோள் தானாக மூடும். ஐந்தில் தவறிய இரண்டைக் கண்டுபிடித்த பயிற்சியாளர் அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரே வாக்கியமாக மாற்றி, பல வாரம் அதையே சொல்ல வேண்டும். மற்றொன்று அவர் குறிப்பேட்டில் தூங்கட்டும்.

கேமரா பார்க்காதது

எண்ணிக்கை விஷயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. களைப்பு வந்தால் முறை குலையும், குலைந்தால் கேமராவில் தெரியும், தெரிந்ததும் பையனை நிறுத்திவிடலாம் என்று நினைப்பது இயல்பு. 2007-இல் ரஃபேல் எஸ்கமில்லாவும் ஃப்ளைசிக் குழுவினரும் பத்துக் கல்லூரிப் பிட்சர்களை இன்னிங்ஸுக்குப் பதினைந்து பந்து வீதம் ஏழு முதல் ஒன்பது இன்னிங்ஸ் வரை ஆய்வகத்தில் வீசவைத்தார்கள். கடைசி இன்னிங்ஸில் பந்தின் வேகம் குறைந்தது, முதுகு கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. அவ்வளவுதான். மற்ற கோணங்களும் விசைகளும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. முழு ஆய்வகமே தேடியும் களைப்பு இவ்வளவுதான் அகப்பட்டது என்றால், மடக்கு நாற்காலியில் சாய்த்துவைத்த செல்பேசிக்கு என்ன தெரியும்?

களைப்பு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதோ தெரிந்த கதை. தோளிலோ முழங்கையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட 95 விடலைப் பிட்சர்களைக் காயமில்லாத 45 பேரோடு 2006-இல் ஒப்பிட்டார்கள். கை களைத்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு அபாயம் 36 மடங்கு. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்களுக்கு ஐந்து மடங்கு. ஓர் ஆட்டத்தில் 80-க்கு மேல் வீசியவர்களுக்கு நான்கு மடங்கு. 2007-இல் லிட்டில் லீக் இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டுப் பந்துக் கணக்குக்கு மாறியது. இப்போது 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்து வரை வீசலாம். 66-ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு. 41 வீசியவன் அன்று கேட்சராக உட்காரக் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான்.

வீடியோ ஒரு விதத்தில் இந்தக் கணக்குக்கு எதிரியாகவும் ஆகிவிடுகிறது. பையனின் முறை அழகாக இருக்கிறது என்று திரையில் பார்த்துவிட்ட தகப்பனுக்கு, இன்னும் பத்துப் பந்து வீசினால் ஒன்றும் ஆகாது என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. “கை எப்படி இருக்கிறது?” என்று மைதானத்தில் கேட்டால் எந்தப் பையனும் “நன்றாக இருக்கிறது” என்றுதான் சொல்வான். வெளியே உட்கார அவனுக்கு விருப்பம் இல்லை.

அமெரிக்காவில் வெயில் அடிக்கும் டெக்சஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா பக்கம் ஆண்டு முழுவதும் ஆட்டம் உண்டு. அங்கே குடியேறிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது இதில் இருக்கிறார்கள். உள்ளூர் லீக்கில் ஓர் அணி, வார இறுதிப் போட்டிகளுக்குப் பயணம் போகும் இன்னோர் அணி என்று ஒரே பையன் இரண்டு சீருடை வைத்திருப்பது சாதாரணம். சனிக்கிழமை ஒரு பயிற்சியாளர் 60 என்று குறிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் தம் ஏட்டில் 1 என்று தொடங்கி 55-இல் நிறுத்துகிறார். இரண்டு ஏட்டிலும் பிழை இல்லை. 115 என்று கூட்டிப்போட்ட ஏடு, காரை ஓட்டிக்கொண்டு இரண்டு மைதானத்துக்கும் போய்வந்தவரிடம் மட்டும்தான் இருக்க முடியும்.